கியர்பாக்ஸை மறுபடி இறக்குவதற்கு முன்

ஹூஸ்டனில் மலை கிடையாது. எங்களுக்கு மேம்பாலம்தான் மலை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்துப் புதிதாகக் கட்டும் ரீபில்ட் முடித்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த பதினோராம் நாள், பின்னால் ட்ரெய்லரில் புல்வெட்டும் வண்டியை ஏற்றிக்கொண்டு ஐ-10 நெடுஞ்சாலையிலிருந்து ஒரு மேம்பாலத்தில் ஏறினேன். இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறவேண்டிய இடத்தில் என் 2004 சில்வராடோ பிக்கப் ஒரு கணம் எதையும் பிடிக்காமல் நின்றது. இன்ஜின் சுற்றுவேகம் (ஆர்பிஎம்) காட்டும் டாக்கோமீட்டர் முள் 2,600-லிருந்து 3,400-க்குத் துள்ளியது, வேகம் மட்டும் ஏறவில்லை. அப்புறம் முதுகில் ஒரு இடி கொடுத்து மூன்றாவது விழுந்தது. 2,300 டாலர் கொடுத்துக் கட்டிய கியர்பாக்ஸ்! வீட்டில் சொன்னபோது, “அன்னிக்கே வித்துடுங்கன்னு சொன்னேனே” என்ற பதில்தான் கிடைத்தது.

நான் கியர்பாக்ஸ் மெக்கானிக் இல்லை. எண்ணெய்க் கிணறு வால்வுகளுக்கு உதிரிபாகம் கடையும் ஷாப்பில் இருபது வருடமாக லேத்தும் மில்லிங்கும் ஓட்டுபவன். அளவு பார்ப்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த தொழில். அந்தப் பழக்கத்தில், பாக்ஸைக் கட்டிக் கொடுத்த கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் இரண்டு வாரக் கடைசிகளை அளவு பார்ப்பதில் செலவிட்டேன். அந்த வரிசையைத்தான் எழுதுகிறேன். என் வண்டியில் இருப்பது ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்60-இ. 1982-ல் வந்த 700ஆர்4 என்ற பாக்ஸுக்கு எலக்ட்ரானிக் மூளை வைத்து 1993-ல் விட்டது. லட்சக்கணக்கான பிக்கப்புகளில் இருப்பதால் இதன் பலவீனங்கள் ஊருக்கே தெரியும். வேறு பாக்ஸ் என்றால் அழுத்த எண்களும் கிளட்ச் அமைப்பும் மாறும். பார்க்கும் வரிசை பெரிதாக மாறாது.

முதலில், ஓட்டுவதை நிறுத்துங்கள். “இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம், செட் ஆயிடும்” என்று சொல்லத் தோன்றும். புது கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று படிய சில நூறு மைல் ஆகும் என்பது உண்மை. ஆனால் அந்தக் காலத்தில் மாற்றம் கொஞ்சம் அழுத்தமாகவோ மந்தமாகவோ இருக்கலாம், ஆர்பிஎம் துள்ளக் கூடாது. ஒவ்வொரு துள்ளலிலும் பிளேட்டின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுத் தாள் கொஞ்சம் வேகிறது. வெந்தது திரும்ப வராது. நான் முதல் துள்ளலுக்குப் பிறகும் நான்கு நாள் வேலைக்கு ஓட்டினேன். அதன் விலையைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்து கியர்பாக்ஸ் ஆயில். சிரிக்காதீர்கள். ரீபில்டுக்குப் பிறகு வரும் புகார்களில் ஆயில் குறைவுதான் மிக மலிவான காரணம், அதைப் பார்க்க டிப்ஸ்டிக் தவிர எதுவும் வேண்டாம். பாக்ஸின் அடியில் ஆயில் தங்கும் தட்டான பேனை மட்டும் கழற்றி மாட்டினால் இந்த பாக்ஸ் 5 குவார்ட் (ஒரு குவார்ட் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு) குடிக்கும். இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாக பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர், ஆயிலைக் குளிர்விக்கும் கூலர், குழாய் எல்லாம் காலியாக இருந்து கட்டியிருந்தால் 11 குவார்ட் வரை போகும். அவசரத்தில் ஊற்றியவர் நடுவில் எங்காவது நிறுத்தியிருக்கலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இருபது நிமிடம் ஓடிச் சூடான பிறகு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, லீவரை ‘பார்க்’ (பி) இடத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கு முன் பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்துக்கும் ஒரு சுற்று கொண்டுபோய் வாருங்கள். இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்தால் கன்வெர்ட்டரிலிருந்து ஆயில் இறங்கி அளவு பொய் சொல்லும்.

அளவோடு நிறுத்தாதீர்கள். துணியில் துடைக்காமல் டிப்ஸ்டிக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இந்த பாக்ஸில் ஊற்றும் டெக்ஸ்ரான்-6 ஆயில் புதிதாக இருக்கும்போது தெளிந்த சிவப்பு. பழுப்பாகி, கருகிய வாடை அடித்தால் ஏதோ ஒரு கிளட்ச் ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கிறது. சின்னச் சின்னக் குமிழியாக நுரைத்திருந்தால் உள்ளே காற்று போகிறது. அளவு மிஞ்சினாலும் சுழலும் பாகங்கள் அடித்து நுரைக்கும் என்பதால், அளவு சரியாக இருந்தும் நுரையா என்பதுதான் கேள்வி. என் டிப்ஸ்டிக்கில் அளவு கச்சிதம். விளிம்பில் குண்டூசித் தலை அளவுக்கு ஏழெட்டுக் குமிழிகள். அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் கடைக்காரருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். என்ன நடந்தது, எந்த மைலில், ஆயில் சூடாக இருந்ததா என்று சொல்லி, அதையே எழுத்திலும் அனுப்பிவிடுங்கள். வாரண்டி இருக்கும்போது பேனைக் கழற்றுவதோ, ஆயிலை எந்தக் கிளட்ச்சுக்கு அனுப்புவது என்று திருப்பிவிடும் வால்வ் பாடியைத் தொடுவதோ உங்கள் வேலை இல்லை. தொட்டால் “நீங்கதான் கெடுத்தீங்க” என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். வெளியிலிருந்து அளப்பதற்கு யாரும் குறை சொல்ல முடியாது. டாக்கோமீட்டரும் வேகமானியும் சேர்ந்து தெரிகிற மாதிரி, பக்கத்தில் உட்கார்ந்தவரை ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். என் மகள் எடுத்த 40 வினாடி வீடியோ, நான் பேசிய அரை மணி நேரத்தைவிட அதிகம் சாதித்தது.

இனி எந்தக் கியர் வழுக்குகிறது என்று பார்க்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் “ஸ்லிப் ஆகுது” என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். உள்ளே பல பிடிப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு கியரும் அவற்றில் சிலவற்றைச் சேர்த்துப் பிடித்துத்தான் உருவாகிறது. எந்தெந்தக் கியரில் வழுக்கல் இருக்கிறது, எதில் இல்லை என்று தெரிந்தால், அவற்றுக்குப் பொதுவான பிடிப்புதான் சந்தேக நபர்.

இரண்டாவதும் நான்காவதும் சேர்ந்து வழுக்கி, முதலும் மூன்றாவதும் நன்றாக இருந்தால், டிரம்மைச் சுற்றிப் பிடிக்கும் பட்டையான பேண்டையும் அதை இறுக்கும் பிஸ்டனான சர்வோவையும் பாருங்கள். இந்த பாக்ஸில் பேண்டை வெளியிலிருந்து திருகி இறுக்க முடியாது. சரியான நீளமுள்ள பின் பார்த்துப் போட வேண்டும், கட்டியவர் அளக்காமல் பழைய பின்னையே போட்டிருக்கலாம். இரண்டு, நான்கோடு ரிவர்ஸும் சேர்ந்து அடியோடு போய்விட்டால் அது வழுக்கலே இல்லை, சன் ஷெல் என்ற பாகத்தின் பற்கள் அறுந்திருக்கின்றன. மூன்றும் நான்கும் வழுக்கினால் 3-4 கிளட்ச். இந்த பாக்ஸில் முதலில் சாவது அதுதான். பிளேட் மட்டும் மாற்றி, பாக்ஸின் வெளிக்கூடான கேஸில் சர்வோவுக்குப் பின்னால் ஆயில் வழியை அடைக்கும் சிறிய உருண்டையான செக்பால் கசிகிறதா என்று பார்க்காமல் மூடியிருந்தால், புது பிளேட்டும் அதே வழியில் போகும்.

லீவர் டி-யில் (டிரைவ்) இருக்கும்போது வண்டி நகராமல், கையால் 1-க்கு இறக்கினால் மட்டும் நகர்ந்தால், குறை ஃபார்வர்ட் கிளட்ச்சில், அல்லது அதோடு இருக்கும், ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் ஸ்ப்ராக்கில். 1, 2, 3 இடங்களில் ஓவர்ரன் கிளட்ச் கூடச் சேர்ந்து பிடித்து அந்தக் குறையை மறைத்துவிடும். அது இரண்டு பிளேட் கொண்ட சின்னப் பயல், இழுவைக்குச் செய்ததில்லை. அதனால் “1-ல் போட்டால் போகுதே” என்று அப்படியே ஊருக்குக் கிளம்பாதீர்கள்.

ரிவர்ஸ் மட்டும் வழுக்கினால் எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. லீவரை 1-ல் வைத்து 15 மைல் வேகத்தில் போய், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடித்தால் லோ-ரிவர்ஸ் கிளட்ச் உயிரோடு இருக்கிறது, குறை ரிவர்ஸ் இன்புட் டிரம் பக்கம். வண்டி சும்மா உருண்டால் குறை லோ-ரிவர்ஸில்தான். ஒரு ரூபாய் செலவில்லாமல் பாதி பாக்ஸை விலக்கிவிடலாம்.

நான்காவது கியரில் சீராகப் போகும்போது ஆர்பிஎம் இருநூறு முந்நூறு ஏறி இறங்கினால் அது கிளட்ச் வழுக்கல் போலவே தெரியும்; பெரும்பாலும் இன்ஜினையும் பாக்ஸையும் நேராகப் பூட்டும் டார்க் கன்வெர்ட்டரின் லாக் வழுக்குகிறது. 1990-களின் பிற்பகுதி வண்டிகளில் பி1870, பின்னால் வந்தவற்றில் பி0894 என்ற பிழைக் குறியீடு ஸ்கேனரில் வரும். காரணத்தைக் கேட்டபோது எனக்கு என் தொழில் நினைவுக்கு வந்தது: அலுமினிய வால்வ் பாடியில் கன்வெர்ட்டர் லாக் அழுத்தத்தைச் சீராக்கும் வால்வு ஓயாமல் முன்னும் பின்னும் ஆடி, தன் துளையைத் தானே அரித்துவிடுகிறது. ஆயில் அந்த இடைவெளியில் ஒழுகுகிறது. துளையை ரீமர் விட்டுப் பெரிதாக்கி, பெரிய வால்வு போடுவதுதான் வைத்தியம். பாக்ஸை முழுக்கக் கட்டிவிட்டுப் பழைய வால்வ் பாடியைக் கழுவி மாட்டிக் கொடுப்பவர்கள் உண்டு. புது வீட்டில் பழைய குழாய்.

எந்தக் கியரில் இருக்கிறோம் என்று காதால் தெரியாதவர்கள் கணக்குப் போடலாம். என் டயர் 265/70ஆர்17, ஒரு மைலுக்குச் சுமார் 655 சுற்று. பின் ஆக்ஸில் விகிதம் 3.73. மணிக்கு 60 மைல் என்றால் நிமிடத்துக்கு ஒரு மைல், ஆக ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,450 சுற்று அளவில் சுழலும். மூன்றாம் கியர் ஒன்றுக்கு ஒன்று, கன்வெர்ட்டர் லாக் ஆகியிருந்தால் டாக்கோமீட்டரும் 2,450 காட்ட வேண்டும். நான்காவது 0.696, ஆக 1,700. லாக் இல்லாவிட்டால் இதற்கு மேல் இருநூறு முந்நூறு கூடும். சமதளத்தில், காலை லேசாக வைத்து, 60-ல் 1,700 வரவேண்டிய இடத்தில் 2,300 வந்தால் வழுக்கல் உங்கள் மனப்பிரமை இல்லை. என் வண்டிக்கு 1, 2 கியர்களில் குறையே இல்லை. மூன்றிலும் நான்கிலும், அதுவும் ஆயில் சூடான பிறகு மட்டும், முள் அலைந்தது. 3-4 கிளட்ச் என்று முடிவு கட்டிவிட்டேன். பாதி சரி.

பாதி என்று ஏன் சொல்கிறேன் என்றால், வழுக்கும் கிளட்ச் எது என்பது ஒரு கேள்வி, அது ஏன் வழுக்குகிறது என்பது வேறு கேள்வி. பத்து நாள் வயதுள்ள பிளேட் தானாகத் தேய்ந்து போகாது. அதை அழுத்திப் பிடிக்கும் ஆயிலுக்கு வலு இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

இந்த பாக்ஸில் அழுத்தத்தை முடிவு செய்வது கம்ப்யூட்டர். இன்ஜின் எவ்வளவு காற்றை இழுக்கிறது, கால் எவ்வளவு மிதிக்கிறது என்று பார்த்து, மின்சாரத்தால் இயங்கும் வால்வான அழுத்தக் கட்டுப்பாட்டு சோலனாய்டுக்கு மின்சாரம் அனுப்பும். மின்சாரம் அதிகமானால் அழுத்தம் குறையும். மின்சாரமே இல்லை என்றால் முழு அழுத்தம். காற்றளவு சென்சாரில் அழுக்குப் படிந்து காற்றைக் குறைத்துச் சொன்னால், சுமை குறைவு என்று நம்பி கம்ப்யூட்டர் அழுத்தத்தையும் குறைத்துவிடும். கியர்பாக்ஸில் குறையே இல்லாமல் கிளட்ச் வேகும். எண்ணெய் தடவும் ரக ஏர்ஃபில்டர் போட்டவர்கள் முதலில் அந்த சென்சாரைக் கழுவுங்கள். இன்னொன்று: பழைய தேய்ந்த கிளட்ச்சுக்கு ஏற்றபடி கம்ப்யூட்டர் கற்றுவைத்த திருத்தங்கள் ரீபில்டுக்குப் பிறகும் நினைவில் இருக்கும். ஸ்கேனரில் அவற்றை அழித்தார்களா என்று கடையில் கேளுங்கள். என் கடையில் அழிக்கவில்லை. அழித்தோம், மாற்றம் கொஞ்சம் மென்மையானது, வழுக்கல் போகவில்லை.

இப்போது உண்மையான வேலை, பிரஷர் கேஜ். 300 பிஎஸ்ஐ காட்டும் கேஜ், நீளமான ஹோஸ், 1/8 அங்குலப் பைப் மரையுள்ள முனை, மூன்றும் சேர்த்து 40 டாலருக்குள் முடிந்தது. பாக்ஸின் ஓட்டுநர் பக்கம், கியர் லீவரின் இணைப்பு வந்து சேரும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு சின்ன பிளக் இருக்கும். வண்டி முழுக்க ஆறிய பிறகு, ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, அதைக் கழற்றி முனையை மாட்டுங்கள். ஹோஸை எக்ஸாஸ்ட் குழாயில் படாமல் கட்டி, ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவாருங்கள்.

ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, 55 முதல் 65 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். அடுத்து இன்ஜினை அணைத்துவிட்டு, பாக்ஸின் வலப்பக்கம் பின்புறம் இருக்கும் 20 முனை மின் கனெக்டரைப் பிடுங்குங்கள்; சோலனாய்டுக்கு மின்சாரம் நின்றுவிடும். பிடுங்கும்போதே அது சரியாகப் பூட்டியிருந்ததா, முனை ஏதாவது வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். ரீபில்டுக்குப் பிறகு அரைகுறையாக மாட்டிய கனெக்டர் புதிதல்ல. பார்க்கிலேயே வைத்து 1,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் 170 முதல் 190 வரை வர வேண்டும். இந்த நிலையில் தெருவில் ஓட்டிப் பார்க்காதீர்கள், டி-யில் மூன்றாவது கியரிலேயே கிளம்பும். சோதனை முடிந்ததும் கனெக்டரை மாட்டிக் குறியீடுகளை அழித்துவிடுங்கள்.

கனெக்டர் பிடுங்கியதும் அழுத்தம் நன்றாக ஏறி, மாட்டினால் மட்டும் குறைவாக இருந்தால், குறை சோலனாய்டு, வயர், சென்சார் பக்கம். பாக்ஸை இறக்க வேண்டாம். இரண்டிலும் குறைவு, ஆனால் முள் ஆடாமல் நிற்கிறது என்றால் பம்ப், பிரஷர் ரெகுலேட்டர் வால்வு, அதன் பூஸ்ட் வால்வு. பார்க்கில் நன்றாக இருந்து டி-யிலோ ரிவர்ஸிலோ போட்டதும் விழுந்தால் அந்தக் கிளட்ச் போகும் வழியில் சீல் கசிகிறது. எங்கேயும் அழுத்தம் குறையாமல் ஒரு கியர் மட்டும் வழுக்கினால் அந்தக் கிளட்ச்சைத்தான் திறந்து பார்க்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தும் ஸ்டால் சோதனையைச் சிலர் சொல்வார்கள். சந்தேகத்தில் இருக்கும் பாக்ஸுக்கு அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. சில வினாடியில் நல்ல கிளட்ச்சையும் வேகவைக்க முடியும்.

என் கேஜ் சொன்னது வேறு. ஆறியிருக்கும்போது ஐடிலில் 60, கனெக்டர் இல்லாமல் 175. பாடப்புத்தகம் மாதிரி. அரை மணி ஓட்டிச் சூடாக்கிவிட்டு வந்து பார்த்தால் முள் நடுங்கியது. 120-க்கும் 150-க்கும் நடுவில் ஈசல் மாதிரித் துடித்தது. ஆர்பிஎம் ஏற ஏற ஒரு மெல்லிய ஊளைச் சத்தம். அப்போதுதான் டிப்ஸ்டிக்கில் பார்த்த ஏழெட்டுக் குமிழி ஞாபகம் வந்தது. பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சுகிறது. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். நுரை கலந்த ஆயிலால் பிளேட்டை அழுத்திப் பிடிக்க முடியாது, வலு குறைந்த 3-4 கிளட்ச் முதலில் கைவிடும்.

இந்த பாக்ஸில் உறிஞ்சும் வழியில் காற்று புக இரண்டு இடங்கள்தான் எனக்குத் தோன்றின. பேன் இரண்டு ஆழத்தில் வருகிறது, ஒவ்வொன்றுக்கும் தனி ஃபில்டர். ஆழமான பேனில் ஆழமில்லாத பேனின் ஃபில்டரை மாட்டினால் அதன் வாய் ஆயிலின் அடிவரை எட்டாது. பிரேக் அடிக்கும்போதும் திருப்பத்திலும் ஆயில் ஒருபக்கம் ஒதுங்க, காற்றை இழுக்கும். இன்னொன்று ஃபில்டரின் கழுத்தைச் சுற்றி உறிஞ்சு துளையில் அழுந்தி உட்காரும் சீல். பழையதை எடுக்க மறந்து அதன் மேலேயே புதிதை அடிப்பதும், நேராக வைக்காமல் அடித்து சீலின் உதட்டை (விளிம்பை) கிழிப்பதும் நடக்கும்.

வீடியோவையும் சூடு, ஆறல் என்று இரண்டு பத்தியாக எழுதிய அழுத்த எண்களையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில் “செட் ஆகும்” என்றுதான் ஆரம்பித்தார். எண்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு லிஃப்டில் ஏற்றினார். என் கண்முன் பேனைக் கழற்ற வேண்டும் என்பது மட்டும்தான் நான் கேட்டது. நீங்களும் அதைக் கேளுங்கள், பேனில் இருப்பதைப் பார்க்க வேண்டும். காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய சேறு இருந்தால் புது பாக்ஸுக்கு அது சகஜம். கருப்புத் துகள் கிளட்ச். பித்தளை நிறப் பொடி புஷ்ஷிங். வெள்ளி மினுக்கம் காந்தத்தில் ஒட்டாமல் ஆயிலில் மிதந்தால் அலுமினியம், பம்போ கேஸோ தேய்கிறது.

என் பேனில் கருப்பு மிளகுத்தூள் மாதிரிக் கொஞ்சம். ஃபில்டரை இழுத்தபோது சீலும் கூடவே கையோடு வந்தது. வரக் கூடாது, துளையில் இறுக்கமாக இருக்க வேண்டும். உதட்டில் நகக்கண் அளவுக்கு ஒரு வெட்டு. இரண்டு டாலர் கூடப் பெறாத சாமான். சீலை மட்டும் மாற்றி அனுப்பப் பார்த்தார். கருப்புத் தூளைக் காட்டி மறுத்துவிட்டேன். பாக்ஸை இறக்கிப் பிரித்ததில் 3-4 பிளேட்டுகள் ஆறும் ஓரத்தில் கண்ணாடி மாதிரிப் பளபளத்திருந்தன, இரண்டில் தாள் உரிய ஆரம்பித்திருந்தது. வேலைக்கூலி வாரண்டியில் போயிற்று; பிளேட்டுகளுக்கும் ஆயிலுக்கும் பாதிப் பணம் நான் கொடுத்தேன். வழுக்குவது தெரிந்தும் ஓட்டிய நான்கு நாளுக்கான பில் அது.

திரும்ப வண்டியை எடுக்கும்போது கேட்க வேண்டியவை. ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரையும் குழாய்களையும் கழுவினார்களா? உரிந்த தாள் அங்கே தங்கியிருந்தால் புது பாக்ஸுக்குத் திரும்பி வரும். கழுவிய பிறகு ஆயில் திரும்பும் குழாயை ஒரு வாளியில் விட்டு ஐடிலில் ஓட்டச் சொல்லுங்கள், 20 வினாடிக்குள் ஒரு குவார்ட்டாவது வர வேண்டும். மாட்டிய ஃபில்டர் எந்த பேனுக்கானது என்று பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். கற்றுவைத்த திருத்தங்களை அழித்தார்களா என்று மறுபடி கேளுங்கள். அப்புறம் கேஜை நீங்களே மாட்டி, ஆறியும் சூடாகவும் ஒருமுறை எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஏதாவது என்றால் ஒப்பிட ஒரு நல்ல நாள் அளவு கையில் இருக்கும். என்னுடையது இப்போது சூட்டில் 58, கனெக்டர் இல்லாமல் 172. முதல் 500 மைலுக்கு ட்ரெய்லரை மாட்டவில்லை. அதுவரை புல்லை அடுத்த வீட்டுக்காரரின் இயந்திரத்தை இரவல் வாங்கித்தான் வெட்டினேன்.